கோடையில் கறிக்கோழிக்குத் தீவனத் துணைப்பொருட்கள்: எதை, எவ்வளவு, எந்த நேரத்தில்

பல்லடம், பொங்கலூர், உடுமலை வட்டாரத்தில் பங்குனி பிறந்ததுமே கறிக்கோழிப் பண்ணையாளர்களின் மருந்துக் கடைப் பட்டியல் நீளத் தொடங்கிவிடும். எலக்ட்ரோலைட் தூள் (உடல் இழக்கும் உப்புகளின் கலவை), வைட்டமின் சி, கல்லீரல் டானிக், புரோபயாட்டிக் (குடலுக்கு நன்மை செய்யும் நுண்ணுயிர்கள்) என்று மூட்டையும் டப்பாவுமாக வந்து இறங்கும். பல பண்ணைகளில் அவை அனைத்தும் ஒரே டிரம்மில் கலக்கப்பட்டு, கோழி வாயைப் பிளந்து இரைக்க ஆரம்பித்த பிறகு, பகல் ஒரு மணிக்குக் குழாயில் திறந்துவிடப்படுகின்றன. மாலையில் இறந்த கோழிகளைப் பொறுக்கும்போது மருந்தின் மேல் பழி விழுகிறது. பெரும்பாலும் மருந்தில் குற்றமில்லை. வெயில் ஏறுவதற்கு முன்பே கோழியின் உடலுக்குள் போயிருக்க வேண்டிய பொருள் தாமதமாகப் போனதுதான் குற்றம். அதனால் இந்த வழிகாட்டி முழுவதிலும் அளவுக்கு இணையாகக் கடிகாரமும் வரும்.

முதலில் கோழிக்குள் என்ன நடக்கிறது

கோழிக்கு வியர்வைச் சுரப்பி கிடையாது. அதன் உடல் வெப்பம் இயல்பிலேயே 41 டிகிரி செல்சியஸை ஒட்டி இருக்கிறது. நான்கு வாரத்துக்கு மேற்பட்ட கறிக்கோழிக்கு இதமான கொட்டகை வெப்பம் 18 முதல் 24 டிகிரி வரை. கொங்கு நாட்டில் கத்திரி வெயில் காலத்தில் அதைப் பகலில் எட்டவே முடியாது. 30 டிகிரியைத் தாண்டியதும் தீவனம் எடுப்பது குறையும், தண்ணீர் குடிப்பது கூடும். இன்னும் ஏறினால் மூச்சிரைப்பு தொடங்கும். நிமிடத்துக்கு முப்பது முறைக்குள் மூச்சுவிடும் கோழி, இருநூறு முறைக்கு மேல் இரைக்கும். நுரையீரலிலிருந்து ஆவியாகும் ஈரத்தோடு வெப்பம் வெளியேறுகிறது. கோழிக்கு இருக்கும் கடைசி வழி அதுதான்.

அந்த வழிக்கு ஒரு விலை உண்டு. இரைக்க இரைக்க இரத்தத்திலிருந்து கார்பன் டை ஆக்சைடு அளவுக்கு மீறி வெளியேறி, இரத்தம் காரத்தன்மை அடைகிறது. அதைச் சரிசெய்யச் சிறுநீரகம் பைகார்பனேட்டை வெளியே தள்ளுகிறது. கூடவே பொட்டாசியமும் சோடியமும் போய்விடுகின்றன. உப்புச் சமநிலை குலைந்ததும் தசை தளர்கிறது, இதயம் தடுமாறுகிறது. குடலின் உட்சுவரும் பாதிக்கப்படுவதால் எச்சம் நீர்த்துப்போகிறது. உடல் வெப்பம் 46, 47 டிகிரியை நெருங்கினால் கோழி பிழைக்காது. ஐந்தாவது வாரத்தில் இருக்கும் கனத்த சேவல்கள்தான் முதலில் சாகும். பிற்பகல் மூன்று மணியிலிருந்து பொழுது சாயும் வரை இறப்பு அதிகமாக இருக்கும்.

துணைப்பொருட்களால் கொட்டகையின் வெப்பத்தை ஒரு டிகிரிகூடக் குறைக்க முடியாது. இரைப்பால் ஏற்படும் இழப்பை ஈடுசெய்வதும், கோழி உடலுக்குள் உண்டாகும் வெப்பத்தைக் குறைப்பதும் மட்டுமே அவற்றின் வேலை. கூரைமேல் தென்னங்கீற்று, தெளிப்பான், மின்விசிறி, பக்கவாட்டில் நல்ல காற்றோட்டம் ஆகியவற்றுக்குச் செலவு செய்யாமல் டானிக்குக்குச் செலவு செய்வது வீண்.

படி 1: உங்கள் கை எதுவரை நீளும் என்று பாருங்கள்

இங்கே பெரும்பாலானவை ஒப்பந்தப் பண்ணைகள். குஞ்சும் தீவனமும் மருந்தும் நிறுவனத்துடையவை. கொட்டகை, தண்ணீர், மின்சாரம், உழைப்பு உங்களுடையவை. அப்படியானால் தீவனத்தில் நீங்களாக எதையும் கலக்கக் கூடாது. ஒப்பந்தமும் அதை அனுமதிக்காது. நிறுவனம் ஏற்கெனவே சேர்த்த ஆப்ப சோடாவின் மேல் நீங்களும் சேர்த்தால் எச்சம் நீர்த்து, தரையில் பரப்பியிருக்கும் கூளம் சேறாகிவிடும். உங்களிடம் இருப்பவை இரண்டு: குடிதண்ணீர், தீவன நேரம். இந்த இரண்டையும் சரியாகக் கையாண்டாலே இறப்பு கணிசமாகக் குறையும். மேற்பார்வையாளரிடம் ஒரு கேள்வி மட்டும் தவறாமல் கேளுங்கள்: கோடைத் தீவனத்தில் என்னென்ன சேர்த்திருக்கிறீர்கள்? பதில் தெரிந்தால்தான் தண்ணீரில் எதைக் கலக்கலாம் என்று முடிவெடுக்க முடியும்.

சொந்தமாகத் தீவனம் அரைப்பவர்களுக்குப் படி 4 முதல் 7 வரை முழுவதும் பொருந்தும்.

படி 2: தண்ணீர்

மற்ற எல்லாவற்றையும்விட முக்கியமான துணைப்பொருள் குளிர்ந்த தண்ணீர்தான். இதமான காலத்தில் கோழி உண்ணும் தீவனத்தைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு தண்ணீர் குடிக்கும். கடும் வெயிலில் அது மூன்று, நான்கு மடங்காகும். ஆனால் கொட்டகைக்கு மேலே வெயிலில் காயும் கறுப்புத் தொட்டியிலிருந்து வரும் தண்ணீர் பகல் 12 மணிக்குக் கை சுடும் அளவுக்கு இருந்தால் கோழி குடிக்காது. கோழி குடிக்காத தண்ணீரில் எத்தனை ரூபாய் மருந்து கரைத்தாலும் பயனில்லை.

தொட்டியை நிழலுக்கு மாற்றுங்கள். முடியாவிட்டால் ஈரச் சாக்கைச் சுற்றி, மேலே கீற்று வேயுங்கள். கோழி கொத்திக் குடிக்கும் நிப்பிள் குழாயின் கடைசி முனையைத் திறந்து, காலை 11 மணியிலிருந்து ஒன்றரை மணி நேரத்துக்கு ஒருமுறை, தேங்கிச் சூடேறிய தண்ணீரை வெளியேற்றுங்கள். குழாய் முனையில் வரும் தண்ணீர் 25 டிகிரிக்குள் இருந்தால் மிக நல்லது.

அடுத்து, கோடை தொடங்கும் முன்பே ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரைப் பரிசோதனைக்குக் கொடுங்கள். இதைப் பலர் செய்வதில்லை என்பது எனக்கு உண்மையான கவலை. கோவை, திருப்பூர் மாவட்டங்களின் நிலத்தடி நீர் பல இடங்களில் கடினமானது, உப்பு கூடியது. கரைந்த உப்புகள் லிட்டருக்கு 1000 மில்லிகிராமுக்குள் இருந்தால் கவலையில்லை. 3000-ஐ நெருங்கினால் அந்தத் தண்ணீரே எச்சத்தை நீராக்கும். ஏற்கெனவே சோடியமும் குளோரைடும் மிகுந்த தண்ணீரில் எலக்ட்ரோலைட் பாக்கெட்டைக் கரைத்தால் உப்பின் மேல் உப்பு சேர்கிறது. அப்படிப்பட்ட பண்ணைகள், மருந்து கலக்கும் நேரத்துக்காவது மழைநீரையோ நல்ல தண்ணீரையோ தனித் தொட்டியில் வைத்துக்கொள்வதுதான் வழி.

படி 3: தீவனத்தை எடுக்கும் நேரம்

உண்ட தீவனம் செரிக்கும்போது உடலில் வெப்பம் உண்டாகிறது. உண்ட மூன்று முதல் ஐந்து மணி நேரத்தில் அது உச்சத்தைத் தொடும். காலை 10 மணிக்கு வயிறு நிறையத் தின்ற கோழிக்கு, பிற்பகல் 2 மணிக்கு வெளியேயும் வெயில், உள்ளேயும் வெயில். ஆகவே மூன்று வாரத்துக்கு மேற்பட்ட கோழிகளுக்குக் காலை 9 மணிக்குத் தீவனத் தட்டுகளை உயர்த்திவிடுங்கள். மாலை 5 மணிக்குக் கொட்டகை குளிரத் தொடங்கியதும் இறக்குங்கள். எல்லாத் தட்டுகளையும் ஒரே நேரத்தில், நிறைத்த பிறகு இறக்க வேண்டும். இல்லையென்றால் பசித்த கோழிகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறி முதுகைக் கீறிக்கொள்ளும்.

எடை குறைந்துவிடுமே என்று அஞ்சுபவர்களுக்கு: இரவில் விளக்கை எரியவிடுங்கள். அதிகாலை 2 மணி முதல் 6 மணி வரைதான் கொட்டகை மிகவும் குளிர்ந்திருக்கும். அந்த நேரத்தில் விளக்கோடு தீவனமும் இருந்தால் பகலில் விட்டதில் பெரும்பகுதியைக் கோழி எடுத்துக்கொள்ளும். குஞ்சுகளுக்கு இந்த முறை வேண்டாம்.

படி 4: உப்புச் சமநிலை

சொந்தத் தீவனம் அரைப்பவர் கணக்குப் போட்டே ஆக வேண்டிய இடம் இது. தீவனத்திலுள்ள சோடியத்தையும் பொட்டாசியத்தையும் கூட்டி, குளோரைடைக் கழித்தால் வரும் எண்ணை மின்பகுளிச் சமநிலை என்கிறோம். கிலோவுக்கு மில்லி ஈக்குவலன்ட் என்ற அலகில் அது 200 முதல் 300 வரை இருக்கலாம். கோடைக்கு 250-ஐ ஒட்டி வைப்பது நல்லது.

கணக்கு எளிது. சோடியத்தின் சதவீதத்தை 10,000-ஆல் பெருக்கி 23-ஆல் வகுங்கள். பொட்டாசியத்துக்கு 39.1-ஆல், குளோரைடுக்கு 35.5-ஆல் வகுங்கள். மக்காச்சோளமும் சோயா புண்ணாக்கும் சேர்ந்த ஒரு தீவனத்தில் சோடியம் 0.18, பொட்டாசியம் 0.85, குளோரைடு 0.22 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். முறையே 78, 217, 62 வரும். 78-ம் 217-ம் சேர்ந்து 295. அதில் 62 போனால் 233.

இதை 250-க்கு மேல் கொண்டுபோக, டன்னுக்கு 2 கிலோ ஆப்ப சோடா, அதாவது சோடியம் பைகார்பனேட் சேர்த்து, கறியுப்பில் 1 கிலோவைக் குறைக்கலாம். ஆப்ப சோடாவில் சோடியம் சுமார் 27 சதவீதம். குளோரைடு துளியும் இல்லை. மாற்றிய பின் சோடியம் 0.195, குளோரைடு 0.16 என்ற அளவுக்கு வரும். சமநிலை ஏறத்தாழ 257 ஆகும். கறியுப்பை மட்டும் கூட்டினால் இந்த எண் அசையாது, ஏனென்றால் சோடியமும் குளோரைடும் சம அளவில் ஏறிக் கழிந்துவிடுகின்றன. 'வெயிலுக்கு உப்பைக் கூட்டினேன், பலனில்லை' என்று சொல்பவர்களுக்கு விடை இதில் இருக்கிறது. குளோரைடை 0.15 சதவீதத்துக்குக் கீழே மட்டும் இறக்கிவிடாதீர்கள். கோழிக்கு அதுவும் வேண்டும்.

கருவாட்டுத் தூள் சேர்ப்பவர்கள் அதிலுள்ள உப்பையும் கணக்கில் எடுங்கள். அது மூட்டைக்கு மூட்டை மாறும். நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியில் தீவனப் பகுப்பாய்வு ஆய்வகம் இருக்கிறது. கோடைக்கு முன் ஒரு மாதிரியைக் கொடுத்து எண்களைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

இனி தண்ணீரில் கொடுப்பது. இரைக்கும் கோழி முதலில் இழப்பது பொட்டாசியம் என்பதால், பொட்டாசியம் குளோரைடை லிட்டருக்கு 1 முதல் 1.5 கிராம் வரை கரைத்துக் காலை 9 மணி முதல் மாலை 4 மணி வரை கொடுக்கலாம். இது கோழியை அதிகம் குடிக்கவும் வைக்கிறது. குளிர்ந்த தண்ணீராக இருந்தால் அந்தக் கூடுதல் தண்ணீரே உடல் வெப்பத்தை வாங்கிக்கொண்டு வெளியேறும். தீவனத் தரத்திலுள்ளதை மட்டும் வாங்குங்கள். உரக்கடையில் கிடைக்கும் பொட்டாஷ் மலிவாக இருக்கிறது என்று அதைக் கரைக்கும் வழக்கம் சில இடங்களில் உண்டு. அது பயிருக்கானது, அதிலுள்ள கலப்புகள் கோழியின் வயிற்றுக்குப் போகக் கூடாதவை.

மூச்சிரைப்பு உச்சத்தில் இருக்கும்போது ஆப்ப சோடாவைத் தண்ணீரில் கொட்டுவதை நான் ஏற்பதில்லை. அந்த நேரத்தில் இரத்தம் ஏற்கெனவே காரமாகியிருக்கிறது. அது தீவனத்தோடு இரவிலும் விடியற்காலையிலும் உள்ளே போவதே முறை. மேலும் நம் கடினத் தண்ணீரில் ஆப்ப சோடா கரைந்தால் சுண்ணாம்பு படிந்து நிப்பிள் அடைக்கும்.

இரவில் உப்பில்லாத வெறும் தண்ணீர்தான் ஓட வேண்டும். இருபத்துநான்கு மணி நேரமும் எலக்ட்ரோலைட் ஓடும் பண்ணையில் கூளம் நனைந்து, அம்மோனியா எழுந்து, கோழியின் பாதமும் மூச்சுப்பையும் கெடும்.

படி 5: வைட்டமின் சி, ஈ, செலினியம்

கோழி தன் சிறுநீரகத்திலேயே வைட்டமின் சி-யைத் தயாரித்துக்கொள்ளும். வெயில் அழுத்தத்தில் தயாரிப்பு தேவையை எட்டுவதில்லை. தீவனத்தில் டன்னுக்கு 200 முதல் 250 கிராம் போதும். குச்சித் தீவனமாக அழுத்துபவர்கள் மேற்பூச்சு கொண்ட வைட்டமின் சி-யையே வாங்க வேண்டும். சாதாரணத் தூள் ஆவிச் சூட்டில் பெருமளவு அழிந்துவிடும்.

தண்ணீரில் என்றால் லிட்டருக்கு 200 மில்லிகிராம், அதாவது 1000 லிட்டருக்கு 200 கிராம். கடையில் கிடைக்கும் பாக்கெட்டுகளில் சில தூய அஸ்கார்பிக் அமிலம், சில பத்தில் ஒரு பங்குகூட வைட்டமின் இல்லாத கலவை. லேபிளைப் படித்துக் கணக்கிடுங்கள். காலை 7 மணிக்கே தொடங்குங்கள். குளோரின், இரும்பு, செம்பு, வெளிச்சம் இந்த நான்கும் வைட்டமின் சி-க்குப் பகை. எனவே குளோரின் மாத்திரை போட்ட தண்ணீரில் கலக்காதீர்கள். துருப்பிடித்த டிரம்மைப் பயன்படுத்தாதீர்கள். மூன்று, நான்கு மணி நேரத்துக்குத் தேவையானதை மட்டும் கரையுங்கள். ஆப்ப சோடாவோடு ஒருபோதும் சேர்க்க வேண்டாம்: ஒன்று அமிலம், மற்றது காரம், நுரைத்துப்போய் இரண்டும் வீணாகும்.

வைட்டமின் ஈ, செலினியம் இரண்டும் சேர்ந்து வேலை செய்பவை. வெயிலில் செல்களின் சவ்வு சிதைவதை அவை தடுக்கின்றன. வைட்டமின் ஈ கிலோ தீவனத்துக்கு 150 முதல் 250 மில்லிகிராம் வரை பரிந்துரைக்கப்படுகிறது. 200 என்று வைத்தால், சந்தையில் கிடைக்கும் 50 சதவீதத் தூளில் டன்னுக்கு 400 கிராம் போட வேண்டும். விலை கூடிய பொருள். நான்காவது வாரத்திலிருந்து கொடுத்தால் போதும். செலினியத்தில் மட்டும் கை தாராளமாக இருக்கக் கூடாது. தாதுக்கலவையில் இருப்பதையும் சேர்த்துக் கிலோவுக்கு 0.3 மில்லிகிராமைத் தாண்டினால் பயனில்லை. மேலும் மேலும் கூட்டினால் நஞ்சாகும்.

படி 6: பீட்டெயின், மற்றவை

செல்லுக்குள் தண்ணீரைப் பிடித்து வைக்கும் பொருள் பீட்டெயின். குடல் செல்கள் வாடாமல் இருக்கவும், உப்பை உள்ளிழுக்கச் செலவாகும் ஆற்றல் மிச்சமாகவும் இது உதவுகிறது. டன்னுக்கு 1 கிலோ, மிகக் கடும் வெயிலில் 2 கிலோ வரை. ஒரு கோடைக்கு ஒரே ஒரு துணைப்பொருளுக்குத்தான் பணம் இருக்கிறது என்று யாராவது கேட்டால், உப்புச் சமநிலையைச் சரிசெய்தபின் பீட்டெயினையே சொல்வேன். வாங்கும்போது ஹைட்ரோகுளோரைடு வகையா என்று பாருங்கள். அந்த வகை குளோரைடையும் கொண்டுவரும். சமநிலைக் கணக்கில் அதைச் சேர்க்க வேண்டும்.

கரிமக் குரோமியம் கிலோவுக்கு 0.2 முதல் 0.4 மில்லிகிராம், துத்தநாகம் கூடுதலாக 40 மில்லிகிராம், நல்ல புரோபயாட்டிக் ஆகியவையும் பயன் தருபவையே. கையில் பணமிருந்தால் சேர்க்கலாம். நெல்லி, துளசி, அமுக்கரா கலந்த மூலிகைத் தூள்களில் தரம் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறுகிறது. முதலில் ஒரு கொட்டகையில் மட்டும் கொடுத்துப் பக்கத்துக் கொட்டகையோடு ஒப்பிட்டுவிட்டு வாங்குங்கள்.

சிறிய அளவுப் பொருட்களை நேராக மிக்ஸரில் கொட்டாதீர்கள். முதலில் 2 கிலோ மக்காச்சோள மாவில் கலந்து, அதை 25 கிலோவில் கலந்து, பிறகு மொத்தத்தில் சேர்த்தால்தான் எல்லாக் கோழிக்கும் சமமாகப் போகும். கோலின் குளோரைடையும் தாது உப்புகளையும் வைட்டமின்களோடு ஒரே பையில் கலந்து வைத்திருந்தால் வைட்டமின் கெட்டுவிடும். அரைக்கும் நாளில் தனித்தனியாகச் சேருங்கள்.

படி 7: எண்ணெயும் புரதமும்

மாவுச்சத்தையும் புரதத்தையும்விட எண்ணெய் செரிக்கும்போது வெப்பம் குறைவாகவே உண்டாகும். அதே சமயம் ஆற்றல் இரு மடங்குக்கு மேல். வழக்கத்தைவிட 2 சதவீதம் தவிட்டு எண்ணெயைக் கூட்டி மக்காச்சோளத்தைக் குறைத்தால், குறைவாகத் தின்னும் கோழிக்கும் போதிய ஆற்றல் கிடைக்கும். புரதத்தில் பலர் நேர்மாறாகச் செய்கிறார்கள்: தீவனம் குறைகிறதே என்று புண்ணாக்கைக் கூட்டுகிறார்கள். மிகையான புரதம் உடலில் எரிந்து வெப்பமாகிறது. கச்சாப் புரதத்தை 1 சதவீதம் குறைத்து, லைசின், மெத்தியோனின், திரியோனின் ஆகிய மூன்று அமினோ அமிலங்களையும் தனியாகச் சேர்த்து அளவைக் காப்பாற்றுங்கள். சோயா புண்ணாக்கைக் குறைத்தால் பொட்டாசியமும் குறையும். படி 4-இன் கணக்கை மறுபடி போட வேண்டும்.

எண்ணெய் கூடிய தீவனம் வெயிலில் சீக்கிரம் சிக்கெடுக்கும். பத்து நாளுக்கு மேல் இருப்பு வைக்காதீர்கள். எண்ணெய் கெடாமலிருக்க ஆக்சிஜனேற்றத் தடுப்பான் சேருங்கள். கோடை மழையில் நனைந்த மக்காச்சோளத்தை மலிவு என்று வாங்கவே வேண்டாம். வெயிலால் தளர்ந்திருக்கும் கல்லீரலால் பூஞ்சை நஞ்சையும் சேர்த்துத் தாங்க முடியாது.

படி 8: கொடுக்கக் கூடாதவை

ரத்தக்கழிச்சலுக்குத் தடுப்பாகத் தீவனத்தில் சேர்க்கும் நிகார்பசின், வெயிலில் கோழி இறப்பைக் கூட்டும் என்பது நன்கு அறியப்பட்டது. கோடையில் வேறு மருந்துக்கு மாற்றச் சொல்லுங்கள். ஒப்பந்தப் பண்ணையாளர்கள் மேற்பார்வையாளரிடம் இதையும் கேளுங்கள்.

காய்ச்சல் மாத்திரைகளைக் கரைத்துக் கொடுப்பவர்கள் உண்டு. வெயிலால் ஏறும் உடல் வெப்பம் காய்ச்சல் அல்ல. காய்ச்சலைத் தணிக்கும் மருந்துக்கு அங்கே வேலையில்லை. இறைச்சியில் மருந்து தங்கும் ஆபத்தும் இருக்கிறது. எச்சம் தண்ணீராகப் போவதைப் பார்த்து ஆன்டிபயாட்டிக் தொடங்குவதும் தவறு. நிறையத் தண்ணீர் குடித்ததால் வரும் நீர் எச்சம் இரவில் தானே கட்டிப்படும். கட்டிப்படாமல், சோர்வும் இருந்தால் கால்நடை மருத்துவரை அழையுங்கள். கோலிஸ்டின் என்ற ஆன்டிபயாட்டிக் உணவுக்கு வளர்க்கும் விலங்குகளுக்கு 2019 முதல் இந்தியாவில் தடை செய்யப்பட்டிருக்கிறது. பழைய இருப்பு யாராவது கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

வெல்லத் தண்ணீர், வந்திறங்கிய குஞ்சுகளுக்கு முதல் நாளில் நல்லது. வளர்ந்த கோழிக்கு நண்பகலில் நிப்பிள் குழாய் வழியாகக் கொடுத்தால் குழாய்க்குள் பாசிபோல் படலம் கட்டும்.

படி 9: ஒரு நாளை இப்படி நடத்துங்கள்

ஐயாயிரம் கோழி, முப்பது நாள் வயது, சித்திரை மாதம் என்று வைத்துக்கொள்வோம். இந்தக் கோழிகள் ஒரு நாளைக்கு 2000 முதல் 2500 லிட்டர் வரை குடிக்கும்.

விடியற்காலை 2 மணிக்கு விளக்கு, தீவனம், வெறும் தண்ணீர். எடை பார்ப்பது, தடுப்பூசி, கூளம் கிளறுவது எல்லாம் காலை 7 மணிக்குள் முடிய வேண்டும். 7 மணிக்கு 400 லிட்டரில் 80 கிராம் தூய வைட்டமின் சி. 9 மணிக்குத் தட்டுகளை உயர்த்திவிட்டுத் தண்ணீரைப் பொட்டாசியம் குளோரைடுக்கு மாற்றுங்கள்: 500 லிட்டருக்கு 500 முதல் 750 கிராம். தீரத் தீரப் புதிதாகக் கரையுங்கள். 11 மணி முதல் குழாயைக் கழுவிவிடுவது, கூரைத் தெளிப்பான், விசிறி. உள்ளே பனித்தூவி வைத்திருப்பவர்கள் காற்று வறண்டிருக்கும்போது மட்டும் ஓட்டுங்கள். மழை மூட்டமாய்ப் புழுங்கும் நாளில் ஓட்டினால் ஈரம் கூடி, கோழியின் இரைப்பு பலனற்றுப்போகும்.

12 மணிக்கு மேல் கொட்டகைக்குள் ஒருவர் மட்டும், அரை மணிக்கு ஒருமுறை, மெதுவாக நடக்க வேண்டும். படுத்திருக்கும் கோழி எழுந்தால் அதன் அடியில் தேங்கிய சூடு வெளியேறும். விரட்டக் கூடாது. 4 மணிக்கு உப்புத் தண்ணீரை நிறுத்திக் குழாயைக் கழுவி வெறும் தண்ணீர் விடுங்கள். 5 மணிக்குத் தீவனம். அன்றைய தண்ணீர் அளவு, தீவன அளவு, இறப்பு மூன்றையும் அட்டையில் எழுதுங்கள். தண்ணீர் திடீரென்று குறைந்தால் மறுநாள் காலைக்குள் காரணத்தைக் கண்டுபிடித்தாக வேண்டும். பெரும்பாலும் அடைத்த நிப்பிளாகவோ சூடான தொட்டியாகவோ இருக்கும்.

நிறுத்துவதும் பிடிப்பதும்

கோடை மழை பெய்து பகல் வெப்பம் 32 டிகிரிக்குள் நின்றால், பொட்டாசியத்தை மேலும் மூன்று நாள் பாதி அளவில் கொடுத்து நிறுத்துங்கள். தீவனத்தில் ஆப்ப சோடாவும் பீட்டெயினும் அந்த இருப்பு தீரும்வரை தொடரலாம்.

கோழி பிடிக்கும் நாளில் வெயில் இழப்பு இன்னொரு முறை நேரும். பிடிப்பதற்கு முந்தைய நாள் முழுவதும் வைட்டமின் சி கொடுங்கள். தீவனத்தை நிறுத்திய பிறகும் தண்ணீரை நிறுத்தாதீர்கள். வண்டி வந்து பிடி தொடங்கும்வரை குழாய் ஓட வேண்டும். இரவு 10 மணிக்குப் பிறகே பிடியுங்கள். கோடையில் ஒரு கூண்டில் வழக்கத்தைவிட இரண்டு கோழி குறைத்து ஏற்றச் சொல்லுங்கள். ஓட்டுநர் மறுத்தால் வியாபாரியிடமே பேசிவிடுங்கள். விடிவதற்குள் வண்டி கடைக்குப் போய்ச் சேரும்படி நேரத்தைக் கணக்கிட்டுக் கிளப்புங்கள்; வழியில் வண்டியை நிறுத்தினால் கூண்டுகளுக்கு நடுவே காற்று நின்றுவிடும்.